தண்ணீர்த் தொட்டியின் தோளில் ஒரு டிஷ்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டு, ஜூன் பிறந்து பெங்களூரில் மேல்காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்களில், எட்டடி விட்டமுள்ள ஒரு டிஷ் ஆன்டெனாவை எங்கள் வீட்டில் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியோடு நான் நடமாடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பல ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில், உத்தரங்களும் தூண்களும் எவ்வாறு சுமை தாங்குகின்றன என்பதைப் பாடமாக நடத்தியவன் நான். பாலங்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறேன். அவற்றில் எதற்காகவும் நான் அவ்வளவு அஞ்சியதில்லை. அந்த டிஷ் விழுந்தால் எங்கே விழும் என்று எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும், அது என் மனைவி படுத்திருந்த அறையின் ஓட்டுக் கூரைமீது வந்து முடிந்தது.

அவள் காக்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரி நாட்களில் மாநில அளவில் டென்னிஸ் ஆடியவள். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று அவள் குரல் கொடுத்தால் மறு கோடியில் பேசிக்கொண்டிருக்கும் மாணவிகள் வரிசையில் நின்றுவிடுவார்கள் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற மறு ஆண்டே வலது கை வலுவிழந்தது. பிறகு கால்கள். நோயின் பெயரை இங்கே எழுதுவதில் பயனில்லை. அந்த மே மாதம் அவள் பேச்சு சற்றே இழுபடத் தொடங்கியபோது, மருத்துவர் என்னை மட்டும் வெளியே அழைத்துச் சென்று, அடுத்ததாகப் போவது குரல்தான் என்றார். நான் அறைக்குத் திரும்பியதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாள் பேசலாமாம்?" என்றாள்.

சில மாதங்கள் இருக்கலாம் என்று சொன்னேன். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்படின்னா இந்த வருஷ மேட்ச் பாத்துடலாம். இத்தனை வருஷத்துல ஒரு மேட்ச்சாவது முழுசா என்கூட உக்காந்து பாத்திருக்கீங்களா? பாதியில பேப்பர் திருத்தப் போயிடுவீங்க. லேடீஸ் ஃபைனல் அன்னிக்குப் பக்கத்துல உக்காருங்க. ஒவ்வொரு பாயின்ட்டையும் நான் சொல்றேன். வாய் இருக்கிறப்பவே சொல்லிடறேன்."

இங்கிலாந்தில் புல்தரையில் நடக்கும் அந்தப் போட்டியைத்தான் அவள் சொன்னாள். ஜூன் கடைசியில் தொடங்கி இரண்டு வாரங்கள் நடக்கும். பெண்கள் இறுதி ஆட்டம் கடைசிச் சனிக்கிழமை, நம்மூரில் மாலை. அவள் வேறெதையும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்தது. ஆனால் அதை நடத்தியவர் தம் வீட்டு மாடியிலிருந்து எதை அனுப்புகிறாரோ அதுதான் எங்கள் தெருவின் வானம். விளையாட்டு அலைவரிசையும் அதில் வரும். மாலை ஆறரை ஆனால் அதை நிறுத்திவிட்டு அதே இடத்தில் சினிமா போட்டுவிடுவார். மாதச் சந்தா வாங்க அவர் வந்தபோது என் மனைவி அவரை உள்ளே வரச் சொன்னாள்.

"மேடம், டென்னிஸ் யாரு பாக்குறாங்க சொல்லுங்க? இந்த ரோட்லயே நீங்க ஒருத்தர்தான். படத்த நிறுத்தினா மிச்ச வீட்டுக்காரங்க எல்லாம் என் மாடிக்கு வந்து நிப்பாங்க."

"ரெண்டு வாரம் மட்டும்தானேப்பா."

"ரெண்டு நாள் கூட முடியாது மேடம். கன்னடப் படம் ஒரு நாள், தமிழ்ப் படம் ஒரு நாள். ஒரு நாள் மாத்திப் போட்டதுக்கே கொஞ்சமாவா கேட்டாங்க."

"என் ஸ்கூல்ல நீ படிச்சிருந்தா இப்போ கிரவுண்டைப் பத்து ரவுண்டு ஓட விட்டிருப்பேன்," என்றாள். வார்த்தைகள் மெதுவாக வந்தன. ஆனாலும் அவர் சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அன்று மாலையே சொந்தமாக டிஷ் வைப்பது என்று முடிவு செய்தேன்.

அத்திபெலேயில் வெல்டிங் பட்டறை வைத்து, அதன் ஒரு மூலையில் டிஷ் செய்து விற்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். நடுத்தர வயது, உரத்த குரல், எதையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் சுபாவம். டிஷ்ஷைப் பகுதி பகுதியாக ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அலுமினிய வலையாலான டிஷ். அவர் இறங்கியதும் முதலில் பார்த்தது எங்கள் கூரையில் நின்ற புகைபோக்கியை. வெள்ளைக்காரன் காலத்து வீடு. குளிர்காலத்துக்கென்று ஒரு கணப்பு அறை. அந்த அறையில்தான் அவள் கட்டில் இருந்தது.

"சார், கடவுளாப் பாத்துக் கொடுத்த எடம். நாலு போல்ட் போட்டா ஆயித்து. அரை நாள் வேலை."

புகைபோக்கி சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டது. அதன் இடுக்கில் முளைத்த அரசங்கன்று ஒன்றை முந்தைய ஆண்டு பிடுங்கியபோது வேரோடு ஒரு செங்கல்லும் கையோடு வந்திருந்தது. அதைச் சொன்னேன்.

"இது ஜாலி டிஷ் சார், வெறும் வலை. காத்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும்."

"எல்லாமா போயிடும்?"

"கொஞ்சம் நிக்கும்," என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கொஞ்சம்தான் என் அச்சம். பலமான ஒரு வீச்சில் அந்த வலை எவ்வளவு இழுக்கும், அந்த இழுப்பு நூறாண்டுச் சுண்ணாம்பை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். புகைபோக்கி சரிந்தால் அதன் செங்கற்கள் அனைத்தும் அவள் தலைமாட்டில் விழும். கட்டிலை வேறு அறைக்கு மாற்றலாம் என்றால், குளியலறையை ஒட்டியிருந்தது அந்த ஓர் அறைதான். புகைபோக்கி வேண்டாம் என்றேன்.

அடுத்தது தோட்டம். தரையில் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டுக் குழாய் நடுவதைவிட உறுதியான வழி இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டிய செயற்கைக்கோள் அக்னி மூலை வானத்தில் இருந்தது. அந்த மூலையை முழுதுமாகப் பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் மூடியிருந்தது. மரம் மறைக்காத இடம் ஒன்றை முன்வாசல் ஓரம் கண்டுபிடித்தோம். அதன் அடியில் சாக்கடைக் குழாய் போகிறது. வேறிடம் தேடி, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை காத்திருந்தால் போட்டியில் பாதி முடிந்துவிடும். நான் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, டிஷ் வைக்கிறீங்களா, டேம் கட்டுறீங்களா?"

அவளைப் பார்த்துக்கொள்ள ஜோகுபாளையத்திலிருந்து ஓர் அம்மாள் தினமும் வருவார். மனம்விட்டுப் பேசுபவர். அவரும் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"சார் இன்னும் அஸ்திவாரத்துக்கு நாள் பாக்கல டீச்சரம்மா. பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பார்."

மூன்றாவது இடம் தண்ணீர்த் தொட்டி. வீட்டின் பின்புறம், அவள் அறைச் சுவரிலிருந்து சில அடி தள்ளி, இரும்புக் கோண்கம்பிகளால் ஆன நான்கு கால் தாங்கி ஒன்று கூரை உயரத்துக்கு நின்றது. அதன்மேல் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. தாங்கியை நானே வரைந்து செய்யச் சொன்னது. அந்த உயரத்தில் மரம் மறைக்கவில்லை. தாங்கியின் மேல்விளிம்புக் கம்பியில் ஒரு குழாயைப் பற்றவைத்து, அதன் தலையில் டிஷ்ஷைப் பொருத்திவிடலாம். காற்றுக்குத் தாங்குமா என்று அன்று முழுவதும் கணக்கிட்டேன். தொட்டியில் தண்ணீர் இருந்தால், அந்த எடையே தாங்கியைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், கவிழாது. தொட்டி காலியாக இருந்து, காற்றும் மிகக் கடுமையாக இருந்தால், உறுதி சொல்ல இயலாது. எங்களுக்குத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வரும் நாளில் மதியம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவோம். மறுநாள் மாலைக்குள் அடி தட்டிவிடும். அந்த மறுநாள் மாலைகளைப் பற்றிய அச்சத்தோடுதான் சம்மதித்தேன்.

பற்றவைக்கும் பொறி பிளாஸ்டிக்கில் பட்டால் உருகிவிடும் என்று அத்திபெலேக்காரர் தொட்டியைக் காலி செய்து ஓரம் நகர்த்தச் சொன்னார். காலி செய்தோம். குழாய் ஏறியது, டிஷ் ஏறியது, தொட்டி தன் இடத்துக்குத் திரும்பியது. அது தண்ணீர் வரும் நாள் இல்லை. காலித் தொட்டியின் பக்கத்தில் நின்றபடியே அவர் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நான் அறையிலிருந்து தொலைக்காட்சியைப் பார்த்துச் சொல்ல, ஜோகுபாளையத்து அம்மாள் அதை ஜன்னல் வழியே கூவினார். திரையில் கொட்டிக்கொண்டிருந்த புள்ளிகள் சட்டென்று அடங்கி, பச்சை நிறம் விரிந்தது. என் மனைவி புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை படம் துல்லியமாக இருந்தது. மறுநாள் மாலை இல்லை. வெறும் புள்ளிகள், அவற்றுக்குப் பின்னால் யாரோ ஓடுவதுபோன்ற நிழல். காற்று டிஷ்ஷை அசைத்துவிட்டது என்று நினைத்து மேலே ஏறிப் பார்த்தேன். குறியிட்ட இடத்திலிருந்து ஒரு நூல்கூட நகரவில்லை. அதற்கு மறுநாள், நான் எதையும் தொடாமலேயே, படம் திரும்பி வந்தது. பிறகு மீண்டும் போயிற்று. அத்திபெலேக்காரருக்குத் தொலைபேசினேன். ரிசீவர் சூடாகியிருக்கும் என்றார், வேறொன்று கொடுத்தனுப்பினார். அதிலும் ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை. போட்டி இரண்டாவது வாரத்துக்குள் சென்றுவிட்டது. என் மனைவியின் பேச்சில் சில எழுத்துகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடியும்வரை நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தோம்.

காற்றைத்தான் நான் சந்தேகித்தேன். நாள் முழுதும் காற்றையே கவனித்தேன். தெருமுனையில் ஒரு சில்வர் ஓக் மரம் முறிந்து விழுந்து மின்கம்பியை அறுத்திருந்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தபோது அவள் என்னை அருகில் வரும்படி கண்ணால் சைகை செய்தாள்.

"தண்ணி வர்ற அன்னிக்கு," என்றாள். நிறுத்தினாள். "படம் வரல."

எனக்கு உடனே விளங்கவில்லை. ஜோகுபாளையத்து அம்மாள் முந்திக்கொண்டார்.

"அட ஆமா சார்! தண்ணி வந்தா படம் போவுது, படம் வந்தா தண்ணி போவுது. கார்ப்பரேஷன்காரனும் கேபிள்காரனும் சேந்து பண்ற வேலை மாதிரி இருக்கே."

தொட்டி நிறைந்து வழிவதை அந்த அறையில் படுத்திருப்பவர் கேட்க முடியும். நான் வெளியே காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள்.

அன்று தண்ணீர் வந்த நாள். தொட்டி நிறைந்திருந்தது, திரையில் புள்ளிகள். நான் பின்புறம் போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வாழைப் பாத்தியில் பாய்ந்தது. வெகு நேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சார், ஏதோ வருது! ஆளு தெரியுது! பந்து இன்னும் தெரியல!"

சற்றுப் பொறுத்து, "பந்தும் தெரியுது!"

உத்தரத்தின்மேல் சுமை ஏறினால் அது நடுவில் தொய்யும். தொய்யும்போது அதன் முனைகள் திரும்பும். கட்டமைப்பியல் பாடத்தின் தொடக்க வாரங்களிலேயே இதைச் சொல்லிவிடுவோம். ஆயிரம் லிட்டர் ஏறியதும் அந்த மேல்விளிம்புக் கம்பி சற்றே முறுகியது. அதில் பற்றவைத்த குழாய் தலையைச் சாய்த்தது. வானத்தில் அந்தச் சாய்வு செயற்கைக்கோளைத் தாண்டிப் போயிற்று. காலித் தொட்டியோடு திசை பார்த்தோம். நிறைந்த தொட்டியோடு பயன்படுத்தினோம். என் கணக்கில் காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் வீசியது. தண்ணீரை நான் தாங்கியைப் பிடித்துவைக்கும் நண்பனாக மட்டுமே எழுதியிருந்தேன்.

சனிக்கிழமைக்கு இரண்டு வழிகள் இருந்தன. தொட்டியைக் காலி செய்துவிட்டால் படம் வரும். ஆனால் எடையற்ற தாங்கி, அந்த வாரம் வீசிய காற்றில், அவள் கூரைக்கு மேல் நிற்கும். தொட்டியை நிரப்பினால் தாங்கி அசையாது, படம் வராது. மூன்றாவதாக ஒன்றுதான்: தொட்டியை நிரப்பி, நிரம்பிய நிலைக்கே டிஷ்ஷை மறுபடி திருப்பி, அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியேறாமல் வால்வை மூடிவிடுவது. வெள்ளிக்கிழமை அத்திபெலேக்காரரை வரவழைத்தேன்.

"தண்ணி எடைக்கு டிஷ் திரும்புதா? சார், இவ்ளோ வருஷத்துல நான் கேட்டதில்ல," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் கேட்டதில்ல போல."

அவர் ஏணியைத் தாங்கிமேல் சாய்க்கப் போனபோது தடுத்து, வீட்டுச் சுவரில் சாய்க்கச் சொன்னேன். அவர் எடையும் அந்தக் கம்பியில் ஏறக் கூடாது. ஏணியிலிருந்து கையை நீட்டியே டிஷ்ஷைத் திருப்பினார். படம் வந்தது. ஆனால் பலமுறை கழற்றி முடுக்கியதில் டிஷ்ஷைக் குழாயோடு பிடிக்கும் கவ்வியின் மரை தேய்ந்துவிட்டது. நட்டு ஓரளவுக்கு மேல் இறுகாமல் வழுக்கியது. அவர் கொண்டுவந்திருந்த உதிரிகளில் அந்த அளவு இல்லை. கம்பியால் சுற்றி முறுக்கினார்.

"திங்கக்கிழமை புதுசு கொண்டாரேன் சார். நாளைக்கு ஒரு நாள் நிக்கும்."

"காத்தடிச்சா?"

அவர் வானத்தைப் பார்த்தார். "பெரிய காத்து இல்லேன்னா நிக்கும்."

சனிக்கிழமை காலையிலிருந்து வீட்டில் எல்லாத் தண்ணீரும் நிலத்தடித் தொட்டியிலிருந்து வாளியில் வந்தது. வாளி தூக்கிய ஜோகுபாளையத்து அம்மாள், ஒவ்வொரு முறையும் கறுப்புத் தொட்டியைக் கடக்கும்போது அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். மாலை அவள் தலைமுடியை வாரிப் பின்னலிட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

ஆட்டக்காரிகள் இருவரும் வெள்ளை உடையில் வந்தார்கள். ஒருத்தி நெட்டை, மற்றவள் குட்டை.

"குட்டையைப் பாருங்க," என்றாள். "கால்... பாருங்க. பந்தைப் பாக்காதீங்க."

நான் கால்களைப் பார்த்தேன். அவள் சொல்வதற்குள் அடுத்த பந்து முடிந்துவிடும். ஆனாலும் சொன்னாள், சொல்லி முடிக்கும்வரை நான் திரையை விட்டு அவள் உதடுகளைப் பார்த்தேன். முதல் செட்டின் மூன்று ஆட்டங்கள் அப்படிப் போயின. அப்போது பின்புறத்திலிருந்து மரக்கிளைகள் ஒருசேர உரசும் ஓசை கேட்டது. திரை முழுதும் புள்ளிகளாயிற்று.

காற்று தணிந்ததும் படம் மங்கலாகத் திரும்பியது. நான் எழுந்தேன்.

"வேணாம்," என்றாள். "உக்காருங்க. ஏணி வேணாம்."

"இறுக்கிப் பிடிச்சா நிக்கும்."

"உங்க வயசுக்கு?"

"உனக்குப் படம் வேணுமா வேணாமா?"

அவள் கண்ணால் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அடுத்த வீச்சு வந்தது; படம் முழுதும் போயிற்று; திரும்பவில்லை. ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே கூட்டம் ஆரவாரித்தது. யாருக்கு என்று தெரியவில்லை. அவள் கண்கள் வெறும் புள்ளிகளை இங்குமங்கும் தேடின. தேடிவிட்டு என்னிடம் வந்தன.

"போங்க," என்றாள். "கெட்டியா பிடிங்க. எறங்கக் கூடாது."

மைதானத்தின் மறு கோடிக்குக் கேட்ட குரல் அது. இப்போது நாற்காலியைத் தாண்டவில்லை. ஆனால் தொனி மாறவில்லை. நான் போனேன்.

ஏணி சுவரில் சாய்ந்தபடி இருந்தது. அவள் ஜன்னலுக்குச் சற்று மேலாக நின்று, ஒரு கையால் ஏணியையும் மறு கையால் டிஷ்ஷின் விளிம்பையும் பற்றினேன். காற்று அதைத் திருப்பியிருந்தது. மெல்லத் தள்ளினேன்.

"போச்சு, போச்சு... வருது... வருது... அங்கியே! அங்கியே நில்லுங்க சார்!"

நின்றேன். ஒரு கை போதாதென்று தெரிந்தது. முழங்கால்களை ஏணிப் படிகளில் அழுத்திக்கொண்டு இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்தேன். காற்று வரும்போது வலை என் கைகளுக்குள் ஒரு மாட்டைப்போல் முட்டியது, தணியும்போது தளர்ந்தது. தளரும் கணத்தில் அதிகம் இழுத்துவிடாமல் இருப்பதுதான் கடினம். பற்றவைத்த இடம் கிறீச்சிட்டது. தொட்டிக்குள் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. தாங்கி அசையவில்லை. இருட்டத் தொடங்கியது. கீழே ஜன்னலில் ஜோகுபாளையத்து அம்மாள் நின்று, உள்ளே ஒரு கண்ணும் வெளியே ஒரு குரலுமாக ஆட்டத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நெட்டை அடிச்சா சார்! இல்ல, வெளியிலயாம். டீச்சரம்மா வெளியிலன்றாங்க."

"யார் முன்னால இருக்கா?"

"பதினஞ்சுன்றான், முப்பதுன்றான், அப்புறம் நாப்பதுன்றான். அஞ்சைக் காணோம். ஏன் டீச்சரம்மா, அஞ்சை எவன் எடுத்தான்?"

உள்ளிருந்து ஓர் ஓசை வந்தது. அது அவள் சிரிப்பு என்று உணர எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

முதல் செட் நெட்டைக்குப் போனது. இரண்டாவது செட்டில் தூறல் விழுந்தது. கைவிரல்களில் உணர்ச்சி குறைந்தது. அத்திபெலேக்காரர் சுற்றிய கம்பி என் கண்ணெதிரில் ஒரு சுற்று அவிழ்ந்தது. இனி டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் இடையே என் கைகள் மட்டுமே இருந்தன. ஒருமுறை நினைத்தேன்: கீழே இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, படமில்லாத திரைக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன? அவள் கேட்டது நான் பக்கத்தில் இருப்பதைத்தானே? ஆனால் கடைசியாகச் சொன்னது இறங்கக் கூடாது என்பதை. நான் இறங்கவில்லை.

"ரெண்டாவது குட்டைக்கு!" என்று குரல் வந்தது. "இன்னும் ஒண்ணு ஆடணுமாம் சார். பிடிச்சுக்குங்க."

மூன்றாவது செட்டின்போது கூவல்கள் குறைந்தன. ஜன்னலில் நின்றவரும் ஆட்டத்துக்குள் போய்விட்டார் போலும். நான் இருட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கேட்காத ஆட்டத்தின் நடுவில் நின்றேன். படம் நிற்கிறதா என்று கத்திக் கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு தொலைக்காட்சியில் வெகு நேரம் நீடித்த ஒரு கரவொலி.

"முடிஞ்சுதாம் சார். குட்டைதான். எறங்கி வாங்க, பாத்து."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. நனைந்த சட்டையோடு அறைக்குள் போனேன். என் கைகள் போனதும் திரை மீண்டும் புள்ளிகளாகியிருந்தது. அவள் முகம் நனைந்திருந்தது; ஜோகுபாளையத்து அம்மாள் முந்தானையால் அதை ஒற்றிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"முழுசா வந்ததா?"

"வந்துது," என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான்... பாக்கல."

"யார் ஜெயிச்சதுன்னு தெரியும்."

"அது பேப்பர்ல... வரும். எப்படின்னு... நான் சொல்றேன்."

மறுநாள் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினாள். காலையில்தான் அவள் நாக்கு ஓரளவு சொன்னபடி கேட்டது. நான் விட்டுச் சென்ற இடத்திலிருந்து, முதல் செட்டின் நான்காவது ஆட்டத்திலிருந்து, ஒவ்வொரு பாயின்ட்டாக. நெட்டை எங்கே நின்றாள், பந்து எந்த உயரத்தில் வந்தது, எந்தக் கால் முன்னே போனது. நான் சுருக்கி ஊகித்துச் சொன்னால் கோபிப்பாள். மீண்டும் தொடக்கத்திலிருந்து வருவாள். சில காலைகளில் ஓர் ஆட்டம் முடியும். சில காலைகளில் ஒரே ஒரு பாயின்ட். அத்திபெலேக்காரர் திங்களன்று புதுக் கவ்வியோடு வந்து, டிஷ்ஷைத் தாங்கியிலிருந்து பிரித்து, தோட்டத்தில் கான்கிரீட் போட்டு, சாக்கடைக் குழாய்க்கு விலகி, மரம் மறைக்காத ஓர் ஓரத்தில் நட்டுக் கொடுத்தார். அது அசைக்க முடியாதபடி நின்றது. நாங்கள் தொலைக்காட்சியைப் போடவில்லை. அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் மெய்யெழுத்துகள் போயின. உயிரெழுத்துகளைக் கொண்டே சொன்னாள். நான் மெய்களை ஊகித்து நிரப்பினேன். சரியென்றால் கண்ணை மூடுவாள். இரண்டாவது செட் அப்படித்தான் முடிந்தது. செப்டம்பரில் ஒரு காலை, அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. புரிந்துவிட்டது என்றேன். கண்கள் திறந்தே இருந்தன. புரியவில்லை என்று பொருள்.

அவள் மறைந்தது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில். அந்த இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மறுபடியும் காட்டினார்கள் என்று பலர் சொன்னார்கள். ஒரு நண்பர் ஒளிநாடாவில் பதிந்து தரவும் முன்வந்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். மூன்றாவது செட்டில் இருவரும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்றிருக்கிறார்கள். குட்டையானவள் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். இடக் காலை முன்னே வைக்கிறாள், பந்தை மேலே எறிகிறாள். அதுவரை எனக்குத் தெரியும்.